‘பிழை இல்லை’ என்று மாடல் செக்கர் சொன்னால் உடனே நம்பலாமா?

மென்பொருளின் வடிவமைப்பைச் சுருக்கமான மாடலாக எழுதிக் கொடுத்தால், அது எட்டக்கூடிய நிலைகளை அலசி, நாம் வைத்த விதி எங்காவது மீறப்படுகிறதா என்று பார்க்கும் கருவிதான் மாடல் செக்கர். டிஎல்ஏ பிளஸ், ஸ்பின், அலாய் போன்ற கருவிகளில் வடிவமைப்பை எழுதி ஓடவிடுகிறோம். ‘பிழை இல்லை’ என்று வந்ததும் பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நான் பார்த்தவரை இதைவிடப் பெரிய தவறு இல்லை.

உதாரணமாக, ஒரே தரவைப் பலர் மாற்ற முயலும்போது ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும் அனுமதி தரும் ‘பூட்டு’ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பூட்டு ஒரே நேரத்தில் இருவரிடம் இருக்கக் கூடாது’ என்று விதி வைக்கிறீர்கள். தொடக்க நிலையை எழுதும்போது நேர்ந்த சிறு பிழையால் மாடலில் யாருக்குமே பூட்டு கிடைப்பதில்லை. விதி மீறப்பட வழியே இல்லாததால் செக்கரும் சரி என்கிறது. இதைப் பிடிக்க, ‘யாருக்கும் ஒருபோதும் பூட்டு கிடைக்காது’ என்ற பொய்யான விதியை வேண்டுமென்றே கொடுங்கள். செக்கர் அதை மறுத்து, பூட்டு கிடைக்கும் வழியைப் படிப்படியாகக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கோளாறு மாடலில். பிறகு வடிவமைப்பில் நீங்கள் அவசியம் என்று நம்பும் ஒரு நிபந்தனையை நீக்கிவிட்டு ஓட்டுங்கள். அப்போதும் பிழை வராவிட்டால், ஒன்று அந்த நிபந்தனை தேவையற்றது, அல்லது உங்கள் விதிகளில் ஓட்டை இருக்கிறது. பெரும்பாலும் இரண்டாவதுதான்.

எதுவுமே செய்யாத சிஸ்டம் எந்தத் தீங்கும் செய்யாது என்பதையும் மறக்க வேண்டாம். ‘கெட்டது நடக்காது’ என்பதோடு ‘கேட்டவருக்குப் பூட்டு எப்போதாவது கிடைத்தே தீரும்’ என்பதையும் சோதிக்க வேண்டும்.

அடுத்த தவறு, சுற்றுச்சூழலை நல்லவனாக எழுதுவது. செய்தி தொலையும், இருமுறை வரும், வரிசை மாறும். சர்வர் பாதியில் விழுந்து பழைய நினைவோடு எழும். இவை எல்லாம் மாடலில் இருக்க வேண்டும். நெட்வொர்க்கில் இருவர் ஒருவரையொருவர் அடையாளம் உறுதிசெய்துகொள்ள 1978இல் வெளியான நீடம்–ஷ்ரோடர் பொதுச்சாவி நெறிமுறையின் ஓட்டையை கேவின் லோ 1995இல்தான் வெளிக்கொண்டுவந்தார். உரையாடலில் முறைப்படி பங்கேற்கும் ஒருவரே ஏமாற்றுக்காரராக இருக்கலாம் என்று வைத்துப் பார்த்தால் அந்தத் தாக்குதல் புலப்படும்.

புரோகிராமை வரிக்கு வரி மாடலில் எழுதுபவர்களும் உண்டு. நிலைகளின் எண்ணிக்கை வெடித்து, ஓட்டம் முடியவே முடியாது. விவரங்களைக் குறைத்து, இரண்டு மூன்று கணுக்களோடு (சர்வர்களோடு) தொடங்குங்கள். ஆனால் செக்கர் தேடும் படிகளின் ஆழத்தைக் குறைக்காதீர்கள்: அமேசானின் டைனமோடிபி தரவுத்தளத்தின் வடிவமைப்பில் டிஎல்ஏ பிளஸ் காட்டிய ஒரு பிழையை எட்ட, மிகக் குறுகிய வழியே 35 படிகள். மனிதர் யாரும் யோசித்து எட்டக்கூடிய வரிசை அல்ல அது.

வடிவமைப்பு மாறும்போது மாடலையும் மாற்றுங்கள். இரண்டும் ஒரே ரெப்போவில் (புரோகிராம் கோப்புகளைச் சேமிக்கும் இடத்தில்) இருந்தால், ரிவ்யூ செய்பவர் ‘மாடல் எங்கே?’ என்று கேட்க முடியும்.