பிளாஸ்டிக் பை இல்லாமல் தேத்தண்ணி ஊற்றும் முறை

பட்டுபோல மினுங்கும் முக்கோணத் தேயிலைப் பைகளிற் பல, நைலோனாலோ, தண்ணீர்ப் போத்தல் செய்யும் பெட் பிளாஸ்டிக்காலோ ஆனவை. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல், அத்தகைய ஒரு பை 95 பாகை வெந்நீரில் சுமார் 1,160 கோடி நுண்பிளாஸ்டிக் துகள்களை வெளிவிடுவதாகக் கணக்கிட்டனர். அவ்வெண்ணிக்கை மிகையென்று வேறு சிலர் பின்னர் வாதிட்டாலும், நைலோனைக் கொதிநீரில் ஊறவைத்துக் குடிக்க வேண்டிய தேவை, தேயிலை விளையும் இலங்கை மலையகத்தில் எவருக்கும் இல்லை. கடதாசிப் பையிலும் கவனம் வேண்டும்: தைக்காமலும் கம்பி குத்தாமலும் சூட்டால் ஒட்டப்பட்ட விளிம்பு இருந்தால், அதில் பெரும்பாலும் பிளாஸ்டிக் இழை கலந்திருக்கும்.

மாற்று வடியைத் தேர்வதற்கு முன் வீட்டிலுள்ள தூளின் தரத்தைப் பாருங்கள். ஓ.பி. (ஒரேஞ்ச் பீக்கோ) போன்ற நீண்ட இலை விரிவதற்கு இடம் வேண்டுமாதலால், கோப்பையின் அடிவரை இறங்கும் அகன்ற எவர்சில்வர் வலைக்கூடை அதற்குப் பொருந்தும். பி.ஓ.பி.எஃப். எனப்படும் சிறு துணுக்குத் தூளுக்கு நெருக்கமான வலை போதும். நம் வீடுகளில் அதிகம் புழங்கும், மிக நுண்ணிய தூளான டஸ்ட் எந்த வலையிலும் நழுவிவிடும் என்பதால், அதற்குத் துணி வடியே சிறந்தது. இலை விரிய இடம் போதாத உருண்டை வடிகளைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை.

துணி வடிக்கு வெளுக்காத, சாயமிடாத பருத்தித் துணியை எடுத்து, உள்ளங்கை அகலத்தில் பையாகத் தைத்து, கஞ்சி நீங்கும்வரை இருமுறை கொதிக்க வையுங்கள். 200 மில்லிலீற்றர் கோப்பைக்கு ஒரு தேக்கரண்டித் தூள் அளவாகும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால், கேத்தலை இறக்கியவுடன் தூளின் மீது ஊற்றி மூடிவைக்க வேண்டும். டஸ்டுக்கு மூன்று நிமிடமும் நீண்ட இலைக்கு ஐந்து நிமிடமும் போதுமானவை.

சவர்க்காரத்தின் மணம் அடுத்த கோப்பையில் ஏறுமாதலால், வடியை வெறும் வெந்நீரில் மட்டுமே அலசுங்கள். மழைக்காலத்தில் கொடியில் போட்ட துணி நாட்கணக்கில் ஈரம் காயாது; அடுப்பருகே தொங்கவிடுவதே வழி. துணி கறுப்பது தேயிலைச் சாயத்தால்தான். பூஞ்சை மணம் வந்தாலோ நூல் நைந்தாலோ மட்டும் புதியது தையுங்கள்.