கொய்யாக் கிளையும் ஒரு மூடி பினாயிலும்

போன வாரம் ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தான். பால்கனியில் நீல வாளி, அதற்குள் பாம்புப் பெட்டியில் வைப்பதற்காகத் தலைகீழாக ஊறும் கொய்யாக் கிளை, பால் போல வெளுத்த தண்ணீர். "ராத்திரி முழுக்க ஊற வச்சிட்டேண்ணே, இனிமே ஒரு பூச்சி இருக்காது." அந்த வெள்ளை என்னவென்று நான் கேட்கவேயில்லை. ஏழு வருடத்துக்கு முன்னால் அதே போல ஒரு வாளி என் மொட்டை மாடியில் இருந்தது.

என்னிடம் இருப்பது பால் பைத்தான் (ball python) என்ற பாம்பு. குடிக்கிற பால் இல்லை. பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்வதால் வந்த பெயர். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இனம். நம்மூர் சாரை, நல்ல பாம்பு, மலைப்பாம்பு எதையும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வளர்க்க முடியாது. ஆகவே இங்கே பேசுவதெல்லாம் முறையாக வாங்கிப் பதிவு செய்த வெளிநாட்டுப் பாம்புகளின் பெட்டியைப் பற்றித்தான். முள்ளைச் சீவுவது, மண்ணை உதறுவது போன்றவை சொல்லாமலே தெரியும் என்று விட்டுவிடுகிறேன்.

பினாயில்

நம் வீடுகளில் சுத்தம் என்றால் வாசனை. பினாயில் நெடி அடித்தால்தான் தரை துடைத்த திருப்தி. அந்தப் பழக்கத்தில்தான் நானும் கிளையை வாளியில் போட்டு ஒரு மூடி ஊற்றினேன். மறுநாள் குழாயடியில் நன்றாக அலசி, ஒரு நாள் வெயிலில் காய வைத்துப் பெட்டிக்குள் வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. போட்டோகூட எடுத்தேன்.

அன்று இரவே பாம்பு நிலைகொள்ளாமல் சுற்ற ஆரம்பித்தது. கிளை அதற்குப் பிடித்துவிட்டது, விளையாடுகிறது என்று நினைத்தேன். இன்று நினைத்தாலும் என்னையே அறையத் தோன்றும். மறுநாள் காலை கண்ணாடி மூலையில் மூக்கை அழுத்திக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பாம்பு வாயைத் திறந்து மூச்சு விட்டால் அது அவசரம். பாம்பு பார்க்கும் மருத்துவரைத் தேடவே அரை நாள் ஆனது. பாம்பைத் தொடுவதற்கு முன் அவர் கேட்ட முதல் கேள்வி, "பெட்டிக்குள்ள புதுசா என்ன வச்சீங்க?"

நடந்தது இதுதான். கறுப்பு பினாயிலில் இருப்பவை ஃபீனால் வகை வேதிப்பொருட்கள். வெள்ளையில் பைன் எண்ணெய். இரண்டுமே ஊர்வனவற்றுக்கு ஆகாதவை. டெட்டால் மாதிரித் திரவங்களும் இதே கணக்குதான். டைல்ஸ் தரை என்றால் துடைத்தால் போய்விடும். மரம் அப்படியில்லை, உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மேலே காய்ந்திருக்கும், உள்ளே தங்கியிருக்கும். அதைக் கொண்டுபோய் 30 டிகிரிக்கு மேல் சூடேற்றிய, ஈரப்பதமான, மூடிய பெட்டிக்குள் வைத்தால் உள்ளே இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி வெளியே வரும். பாம்பு நாக்கை நீட்டி நீட்டிக் காற்றில் உள்ளதை எல்லாம் வாய்க்குள் கொண்டுபோகிற பிராணி. அதற்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது, மூச்சுக்குழலில் சேர்வதை இருமித் தள்ளவும் வராது. நமக்கு லேசான பினாயில் வாசனை, அதற்கு ஓட இடமில்லாத புகை மண்டலம்.

பிழைத்துக்கொண்டது. ஆனால் அதற்கப்புறம் இரண்டு மாதம் இரை எடுக்கவில்லை. அந்தக் கிளையை மாடியிலேயே போட்டு வைத்திருந்தேன். மூன்று மாத வெயில் பட்டபிறகும், முதல் மழையில் நனைந்ததும் அதே நெடி வந்தது.

அந்தத் தம்பி அடுத்து அனுப்பியது: "நல்லா வெயில்ல காய வச்சா போயிடுமாண்ணே?" போகாது. கிளையைத் தூக்கிப் போடு. கொய்யா மரம் இன்னொரு கிளை தரும்.

மரத்துக்கு வெந்நீர் போதும். பெரிய அண்டாவில் (வீட்டாரிடம் கேட்டு எடுங்கள், நான் கேட்காமல் எடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்) முக்கால் மணி நேரம் கொதிக்க விட்டு, கிளையைத் திருப்பிப் போட்டு மறுபடி கொதிக்க விடுங்கள். தண்ணீர் டீ நிறத்துக்கு வரும். கொய்யாவின் துவர்ப்புதான் அது, பயப்பட வேண்டாம். அப்புறம் ஒரு வாரம் நல்ல வெயில். உள்ளே ஈரம் இருந்தால் பெட்டிக்குள் போனதும் பூஞ்சணம் பிடிக்கும். ப்ளீச்சைப் பெட்டிக்குள் வைக்கும் கல்லுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: வாசனை சேர்க்காதது, ஒரு பங்குக்கு 10 பங்கு தண்ணீர், கால் மணி நேரம், பல தடவை அலசல், வாடை துளியும் இல்லாமல் போகும்வரை வெயில். அதோடு கழிவறை ஆசிட் எதையும் கலந்துவிடாதீர்கள். கிளம்புகிற குளோரின் வாயு பாம்புக்கு முன் உங்களை முடித்துவிடும்.

"கொதிக்க வச்சாச்சே, அப்புறம் என்ன?"

கொதிநீர் பூச்சியைக் கொல்லும், முட்டையைக் கொல்லும். பூச்சிமருந்தையும் எடுத்துவிடும் என்று நம்ப முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்புத் தோட்டத்தில் மாதம் ஒரு தடவை யாரோ ஒருவர் முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு வந்து அடித்துவிட்டுப் போவார். என்ன அடித்தார் என்று காவலாளிக்கும் தெரியாது. கொசுப்புகை வண்டி போன தெருவில் மறுநாள் பெட்டிக்குள் போடச் சருகு பொறுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கரையான் மருந்து ஊற்றிய சுவரோரம் கிடக்கும் கட்டை அதைவிட மோசம். எங்கே எடுத்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாத எதையும் நான் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. பாதாம் இலை என்று நாம் சொல்லும் நாட்டு வாதுமைச் சருகு அருமையானது, ஆனால் தெரிந்த வீட்டு மரத்தடியில் பொறுக்கியதாக இருக்க வேண்டும். கொதிநீரில் முக்கி எடுத்து, மொறுமொறுப்பாகக் காய்ந்தபிறகு போடலாம்.

எந்த மரம்

கொய்யா எனக்கு முதல் தேர்வு. கெட்டி, வழுவழுப்பு, கவை நிறைய. அரளி, எருக்கு, கள்ளி, உடைத்தால் பால் வடிகிற எதுவும் வேண்டாம். பார்சல் பெட்டி உடைத்த பைன் பலகையும் தைல மரமும் வேண்டாம். மணக்கிற மரம் என்றாலே நான் தள்ளி நிற்பேன்.

ஆற்றுக்கல்லை ஓவனில் வைப்பது

கிருமி போகட்டும் என்று வைத்தால், உள்ளே ஈரம் இருக்கும் கல் வெடிக்கும். பச்சைத் தண்ணீரில் போட்டு மெதுவாகச் சூடேற்றுங்கள்.

கனமான கல்லை மண்மேல் வைப்பது

பாம்பு அடியில் தோண்டும், கல் இறங்கும். பெட்டியின் அடித்தளத்தில் கல்லை நிறுத்திவிட்டு மண்ணைப் பிறகு போடுங்கள்.

தொட்டி மண்

நர்சரியில் வாங்கிய கலவையில் உரம் இருக்கும், வேப்பம் புண்ணாக்கு இருக்கும், சில சமயம் குருணை மருந்தும் இருக்கும். பெட்டிக்குள் பரப்பத் தேங்காய் நார்த்தூள் கட்டியை வாங்கிக்கொள்ளுங்கள். செடிக்கு விற்பதில் உப்பு இருக்கக்கூடும், இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி ஊற வைத்துப் பிழிந்தால் சரி. முழுக்கக் காய விட்டால் தூசி பறக்கும். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது.

செலோடேப்

கிளையை நிறுத்தவா? கூடவே கூடாது. பாம்பின் மேல் ஒட்டிக்கொண்டால் தோலோடுதான் வரும். ஸ்க்ரூ போடுங்கள்.