மருந்து ஒத்துக்காம குழந்தைக்கு வாய் வெந்து போச்சா? என்ன செய்யணும், ஒவ்வொண்ணா

நான் குழந்தைங்க வார்டு நர்ஸ். ஃபிட்ஸுக்கு கார்பமசெபின், ஃபெனிட்டாய்ன், லாமோட்ரிஜின்னு புதுசா ஆரம்பிச்சோ, சல்ஃபா ஆன்டிபயாட்டிக் குடுத்தோ, பெரும்பாலும் ஒண்ணுலேர்ந்து நாலு வாரத்துக்குள்ள காய்ச்சல், கண்ணு செவப்பு, உதடு வாயெல்லாம் கொப்புளம்னு வந்தா அது ஸ்டீவன்ஸ் ஜான்சன் சிண்ட்ரோமா இருக்கலாம், அதாவது மருந்து ஒத்துக்காம தோலும் வாயும் கண்ணும் வெந்து போற ஆபத்தான வியாதி. 1922ல ஸ்டீவன்ஸ், ஜான்சன்ங்கற ரெண்டு டாக்டருங்களும் ரெண்டு பசங்கள பத்தி எழுதினப்பவே வாயையும் கண்ணையும்தான் முக்கியமா சொன்னாங்க. நம்ம ஊர்ல அம்மைன்னு நெனச்சு வேப்பிலை வச்சு, மாத்திரையையும் விடாம குடுத்துட்டு நாலு நாள் கழிச்சு தூக்கிட்டு வர்றாங்க, பாக்கவே மனசு தாங்கல.

ஸ்டெப் 1: அடுத்த டோஸ் குடுக்காதீங்க, மருந்து அட்டைய கையில எடுத்துக்கிட்டு உடனே ஐசியூ இருக்கற பெரிய ஆஸ்பத்திரிக்கு போங்க, ஃபிட்ஸுக்கு வேற மருந்து அவங்க மாத்தி குடுக்கணும். இத வீட்ல வச்சு பாக்கவே முடியாது. கீழ சொல்றதெல்லாம் வார்டுல நர்ஸோட சேந்து நீங்க செய்யறது.

ஸ்டெப் 2, உதடு. காலைல பாத்தா ரத்தம் காஞ்சு கருப்பா பொருக்கு கட்டி மேல் உதடும் கீழ் உதடும் ஒட்டிக்கிட்டு இருக்கும், குழந்தை அழக்கூட வாய தொறக்க முடியாது. பிச்சு எடுக்காதீங்க! சலைன்ல நனைச்ச காஸ் துணிய மேல வச்சு அஞ்சு பத்து நிமிஷம் விடுங்க, தானா ஊறி நெகிழும், வர்றத மட்டும் ஒத்தி எடுங்க. அப்புறம் வாசனை இல்லாத வாஸ்லின் தடவுங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ, நைட்டும்தான்.

ஸ்டெப் 3: வாய்க்குள்ள சலைன் ஸ்பாஞ்ச் வச்சு மெதுவா துடைக்கணும், கொப்பளிக்க தெரிஞ்ச குழந்தைன்னா கொப்பளிக்கட்டும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம், எரியும். ஸ்டீராய்டு மவுத்வாஷ், ஆன்டிசெப்டிக்லாம் டாக்டர் எழுதினா மட்டும்.

ஸ்டெப் 4: சாப்பாட்டுக்கு முன்னாடி வலி கொறைய பென்சிடமைன் ஸ்ப்ரே எழுதுவாங்க. நீங்களா கடைல மரத்துப்போக வைக்கற லிக்னோகெய்ன் ஜெல் வாங்கி தடவிடாதீங்க, சின்ன குழந்தை முழுங்கிட்டா அதுவே ஃபிட்ஸ கொண்டு வரும். சாலிசிலேட் (ஆஸ்பிரின் வகை மருந்து) இருக்கற வாய்ப்புண் ஜெல்லும் கூடாது.

ஸ்டெப் 5: ஆறின கஞ்சி, குளிர்ந்த பால். ரசம், எலுமிச்சை, ஆரஞ்சு ஜூஸ் வேண்டாம். முழுங்க முடியல, யூரின் கொறையுதுன்னா மூக்கு வழியா ட்யூப் போடுவாங்க, பயப்படாம சம்மதிங்க, பட்டினி கெடந்தா புண்ணு ஆறாது.

வாய்க்குள்ள வெள்ளையா படிஞ்சா பூஞ்சையா இருக்கலாம், நர்ஸ்கிட்ட சொல்லுங்க. ஆஸ்பத்திரில சேத்த அன்னிக்கே கண் டாக்டர் பாக்கணும், வாய்ப்புண்ணு ஆறிடும், கண்ணுல தழும்பு விழுந்தா பார்வைய பாதிக்கும்.

டிஸ்சார்ஜ் அப்போ மருந்து பேர ஃபைலோட முதல் பக்கத்துல செவப்பு பேனால எழுதி வாங்குங்க. கார்பமசெபின் ஒத்துக்கலன்னா ஃபெனிட்டாய்ன், ஃபீனோபார்பிட்டோனும் ஒத்துக்காம போகலாம், அதையும் சேத்து எழுத சொல்லுங்க, ஸ்கூல் டீச்சர்கிட்ட ஒரு காப்பி குடுத்து வைங்க.