பத்து வருஷக் குண்டுமல்லியை இடம் மாற்றும்போது

வேலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு முதலில் ஒன்று: சித்திரை, வைகாசியில் செடியைத் தொடவே தொடாதீர்கள். நாற்பது டிகிரியைத் தாண்டும் நம்ம ஊர் வெயிலில், இடம் மாற்றிய செடி தண்ணீர் ஊற்ற ஊற்றவே வாடும், ஏனென்றால் நீரை உறிஞ்சும் சல்லிவேர்களில் பெரும்பகுதி பழைய குழியிலேயே அறுந்து நின்றுவிட்டிருக்கும். கார் ஷெட் போட கொத்தனார் வந்து நின்றார் என்று ஒரு மே மாதம் அவசரமாகப் பிடுங்கி நட்டேன். அம்மா வைத்த செடி, பத்தே நாளில் காய்ந்துபோனது.

கார்த்திகைக் கடைசியில், மழை ஓய்ந்து மண்ணில் ஈரம் இருக்கும்போது செய்யுங்கள். மல்லிக்குக் கவாத்து பண்ணுகிற, அதாவது கிளைகளை வெட்டிவிடுகிற, பருவமும் அதுதான்.

ஆனால் வேலை ஐப்பசிக் கடைசியிலேயே தொடங்கிவிட வேண்டும். தூரிலிருந்து ஓரடி தள்ளிச் சுற்றிலும் ஒரு வட்டம் கீறி, அதில் பாதியை மட்டும் ஓரடி ஆழத்துக்கு மண்வெட்டியால் நேராக வெட்டிவிடுங்கள், இரண்டு வாரம் கழித்து மறு பாதி. வெட்டிய வேர்களில் வட்டத்துக்குள்ளேயே புதுச் சல்லிவேர் கிளம்பும், புது இடத்தில் செடியைப் பிழைக்க வைப்பது அதுதான்.

புதுக் குழியை முன்கூட்டியே தோண்டி, மக்கிய தொழு உரம் கலந்து வையுங்கள். நல்ல வெயில் படுகிற இடமாக இருக்கட்டும், மரநிழலில் மல்லி சரியாகப் பூக்காது. அகலம் வேர்மண்ணைப்போல இரண்டு மடங்கு, ஆழம் அதே அளவுதான்.

முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் விட்டு, கிளைகளை ஒன்றரை அடி உயரத்துக்குக் கத்தரித்துவிடுங்கள். மனசு வலிக்கும், பரவாயில்லை, குறைந்த வேர் குறைந்த இலையைத்தான் தாங்கும். சாயங்காலமாகத் தோண்டி, அடியில் கோணிப்பையை நுழைத்து, மண்ணோடு சேர்த்துக் கட்டி இழுங்கள். தண்டைப் பிடித்துத் தூக்கினால் மண் உதிர்ந்து அத்தனை பாடும் வீண். முன்பு எந்த மட்டம் வரை மண் இருந்ததோ அதே மட்டத்தில் நட்டு, பாதிக் குழி மூடியதும் தண்ணீர் விட்டு மண் அமர்ந்தபின் மீதியை மூடுங்கள்.

அப்புறம் இரண்டு வாரம் மேற்குப் பக்கம் தென்னங்கீற்று மறைப்பு. விரலை விட்டுப் பார்த்து, மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். இலை கொட்டினால் பயப்படாதீர்கள், பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. துளிர் வரும்வரை உரம் எதுவும் வேண்டாம்.