உப்புக்காற்று வீட்டில் அறைக்கு அறை பாட்டு: வயரும் வைஃபையும் கலந்து ஸ்பீக்கர்களைக் கூட்டுவது எப்படி?

கூடத்தில் ஓர் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கர்களும் ஏற்கெனவே இருக்கின்றன. உம்மாவுக்குச் சமையலறையில் பாட்டு வேண்டும். பிள்ளைகளுக்கு மாடியறையில் தனியாக வேறு பாட்டு வேண்டும். அஸர் தொழுகைக்குப் பிறகு எல்லோரும் மொட்டை மாடியில். கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி, மண்டபம் என்று கடலோரத்தில் வீடு உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே கடையில் சொல்லும் யோசனை பாதிதான் பலிக்கும். மீதியைச் சுவரும் காற்றும் முடிவு செய்யும்.

படி 1: எந்த அறைக்கு எது?

ஒரே ஆம்ப்ளிஃபயரில் வயர் போட்டு இணைத்த அறைகளில் ஒரே பாட்டுதான் ஓடும். ஆகவே கூடத்தில் ஓடுவதே போதும் என்கிற, கூடத்தை ஒட்டிய அறைக்கு வயர் போடுங்கள். தனிப் பாட்டு கேட்கும் அறைக்கும், சுவரை உடைக்க மனமில்லாத அறைக்கும் வைஃபை. நம் கணக்கில் சமையலறைக்கு வயர், மாடிக்கு வைஃபை.

படி 2: ஆம்ப்ளிஃபயரின் முதுகைப் படியுங்கள்

ஸ்பீக்கர் முனைகளுக்கு அருகில் 4 ஓம் அல்லது 6 ஓம் என்று குறைந்தபட்ச அளவு அச்சிட்டிருக்கும் (ஓம் என்பது மின்தடையின் அளவு). இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களை ஒரே முனையில் பக்க இணைப்பாக (பேரலல்) கொடுத்தால் அது 4 ஓம் ஆகிவிடும்; மூன்று கொடுத்தால் ஏறத்தாழ 2.7 ஓம். எண் குறையக் குறைய ஆம்ப்ளிஃபயர் தள்ள வேண்டிய மின்னோட்டம் கூடும், சூடாகும், கடைசியில் தானே அணைந்துவிடும் அல்லது எரிந்துபோகும். 6 ஓம் என்று எழுதியிருந்தால், கூடுதல் ஸ்பீக்கர்களுக்கு ஓம் அளவைச் சரிக்கட்டும் ஸ்பீக்கர் செலக்டர் பெட்டி ஒன்றை நடுவில் வையுங்கள்.

கல்யாண வீட்டில் மைக் செட்காரர் தெருக்கோடிவரை ஹாரன் கட்டுகிறாரே என்று கேட்கலாம். அது 100 வோல்ட் லைன் என்கிற வேறு முறை. அந்த ஆம்ப்ளிஃபயரின் லைன் முனையில் வீட்டு ஸ்பீக்கரை நேராகச் செருகாதீர்கள்.

படி 3: வயர் வாங்கும்போது ஒரு பிளேடு கொண்டுபோங்கள்

இந்த ஊரில் இதுதான் முக்கியமான படி. மலிவாகக் கிடைக்கும் ஸ்பீக்கர் வயர்களில் பல, அலுமினியத்தின் மேல் செம்பு போர்த்தியவை. மின்தடை அதிகம், அதைவிட மோசம், வெட்டிய முனையில் இரண்டு உலோகங்களும் உப்பு ஈரத்தைச் சந்திக்கின்றன. அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகிறது, ஒரு பக்கம் பாட்டு விட்டு விட்டு வருகிறது.

ஓர் இழையை நகத்தின் மேல் வைத்துப் பிளேடால் சுரண்டுங்கள். வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் அது போர்த்திய அலுமினியம், வைத்துவிட்டு வாருங்கள். வெளியேயும் உள்ளேயும் சிவப்பு என்றால் செம்பு. வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் வெள்ளீயம் பூசிய செம்பு. படகு வயரிங்கிற்கு உகந்த ரகம் அது. விலை கூடுதல்தான், கடற்கரையில் அந்தக் காசு வீண்போகாது.

தடிமனுக்கு ஒரு கணக்கு: வயரின் மின்தடை, ஸ்பீக்கரின் ஓமில் 5 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. 8 ஓமுக்கு அது 0.4. 20 மீட்டர் தூரமென்றால் போகவர 40 மீட்டர், 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பில் சுமார் 0.5 ஓம் வந்துவிடும், 2.5 சதுர மில்லிமீட்டரில் சுமார் 0.3. ஆக, பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் 1.5 போதும், அதற்கு மேல் 2.5.

கரண்ட் வயர் போகும் அதே குழாய்க்குள் இதை இழுக்கக் கூடாது. பாதுகாப்புக்கும் கேடு, இரைச்சலும் வரலாம்.

படி 4: கூட்டலும் கழித்தலும்

ஒரு ஸ்பீக்கருக்கு முனை மாறிப்போனால் பாட்டின் அடி ஒலி (பேஸ்) காணாமல் போகும். சுவருக்குள் போன வயரில் எது எது என்று தெரியவில்லையா? ஆம்ப்ளிஃபயர் பக்கத்து முனைகளைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேனா பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே தள்ளினால், பேட்டரியின் கூட்டல் பட்ட வயர்தான் கூட்டல். உள்ளே இழுத்தால் மாற்றிக் கட்டுங்கள். பிறகு முனைகளின் மேல் வெப்பத்தில் சுருங்கும் குழாயைப் போட்டுவிடுங்கள்.

படி 5: மாடிக்கு வைஃபை

பழைய வீடுகளின் பவளப்பாறைக் கல் சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் வெயிலை மட்டும் தடுப்பதில்லை. கூடத்து ரூட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை இரண்டு சுவர் தாண்டுவதற்குள் சோர்ந்துபோகும், 2.4 சற்றுத் தாக்குப்பிடிக்கும். இதற்குச் சிக்னலைக் கூட்டும் பெட்டிகளை வரிசையாக வாங்கி அடுக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. படிக்கட்டு வழியாக ஒரு கேட் 6 லேன் கேபிளை மாடிக்கு ஏற்றி, அங்கே ஓர் ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகப் பரப்பும் பெட்டி) வையுங்கள். 100 மீட்டர்வரை தடையில்லை. மாடியறையில் ஒரு வைஃபை ஸ்பீக்கர், கூடத்துப் பழைய ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் துளையில் ஒரு வைஃபை ஸ்ட்ரீமர், அதாவது வைஃபையில் வரும் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும் சிறு பெட்டி. இரண்டையும் செயலியில் ஒரு குழுவாகச் சேர்த்தால் ஒரே பாட்டு ஓடும். சமையலறை ஸ்பீக்கர் அந்த ஆம்ப்ளிஃபயரோடுதான் இருக்கிறது என்பதால், அதுவும் தானாகவே அந்தக் குழுவில் சேர்ந்துவிடும்.

வாங்கும்போது எல்லாம் ஒரே குடும்பமாக இருக்கட்டும்: வைஃபையில் பாட்டு அனுப்பும் முறைகளில் ஆப்பிளின் ஏர்ப்ளே 2 என்றால் எல்லாம் ஏர்ப்ளே 2, கூகுள் காஸ்ட் என்றால் எல்லாம் அதுவே. கம்ப்யூட்டர் பழக்கம் உள்ளவர்கள் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கம்ப்யூட்டரில், பல அறைகளில் ஒரே நேரத்தில் பாட்டு ஓடச் செய்யும் ஸ்னாப்காஸ்ட் என்ற இலவச மென்பொருளைப் போடலாம்.

படி 6: எல்லா அறையும் ஒரே தாளத்தில்

புளூடூத்தில் ஒலி 0.1 முதல் 0.2 நொடிவரை, சில நேரம் அதற்கு மேலும் பிந்தும். அந்த 0.1 நொடியில் ஒலி காற்றில் சுமார் 35 மீட்டர் போய்விடும். கூடத்தில் வயரும் அடுத்த அறையில் புளூடூத்தும் ஓடினால், எதிரொலி கேட்பதுபோல் தலைவலிதான். அதனால் பக்கத்துப் பக்கத்து அறைகளில் புளூடூத் வேண்டாம்.

சோதிக்க, தாளத் தட்டு ஒலிக்கும் செயலி ஒன்றைக் குழுவில் ஓடவிட்டு இரு அறைகளுக்கு நடுவே வாசற்படியில் நில்லுங்கள். தட்டு இரண்டாகக் கேட்டால், ஆம்ப்ளிஃபயரில் சினிமா, ஸ்டேடியம் போன்ற செயற்கை ஒலி முறைகளை அணையுங்கள். பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான் இருக்கும். மீதியை ஸ்பீக்கர் செயலியின் தாமதத் திருத்தத்தில் சரிசெய்யலாம். குழுவை ஒரே தட்டலில் நிறுத்தும் பொத்தானையும் கைப்பேசியின் முகப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பாங்கு சொல்லும்போது அறை அறையாக ஓட வேண்டாம்.

ரூட்டர், ஆக்சஸ் பாயின்ட் இரண்டையும் இன்வெர்ட்டரில் போடுங்கள். கரண்ட் போய் வந்தால் குழு கலைந்து கிடப்பது இவை அணைந்து எழுவதால்தான்.

படி 7: மொட்டை மாடியும் காற்றும்

மொட்டை மாடியில் நிரந்தரமாக எதையும் மாட்டாதீர்கள் என்பதே என் கட்சி. தூசியும் தண்ணீரும் புகாது என்று சொல்லும் ஐபி67 முத்திரை நல்ல தண்ணீரில் சோதித்துக் கொடுப்பது. உப்புக்கு அது உத்தரவாதம் இல்லை. வைஃபை உள்ள பேட்டரி ஸ்பீக்கரை எடுத்துப் போய், இறக்கும்போது நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். மாட்டியே தீர வேண்டுமென்றால் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகுத் திருகு கேளுங்கள். 304 ரகத்திலும் இங்கே பழுப்புக் கறை ஏறும்.

தொண்டி, தேவிபட்டினம் பக்கம் வாடைக்காற்றுக்கு முன்பும், கீழக்கரை, ஏர்வாடி பக்கம் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றுக்கு முன்பும் எல்லா முனைகளையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். பச்சை பூத்த அளவுக்கு வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி மாட்டினால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் இடி கேட்டால் ஆம்ப்ளிஃபயர் பிளக்கோடு மாடிக்குப் போகும் லேன் கேபிளையும் பிடுங்கி வையுங்கள். நீளமான கேபிள் வழியாகவும் மின்னலின் அதிர்ச்சி உள்ளே வரும்.