இரண்டு பிராசசர்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினி வாங்க ரிச்சி தெருவுக்குக் கிளம்பும் முன் வடசென்னையின் மாணவர்களும் சிறு கடைக்காரர்களும் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இந்த இரண்டு பிராசசர்களில் எது வேகமானது? எந்த வேலையில், எந்தக் கணினிக்குள், எவ்வளவு நேரம் என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்காதவரை இதற்குச் சரியான விடை கிடையாது. தவணையில் வாங்கும் குடும்பத்துக்கு இந்த விடுபடல் பெரிய பண இழப்பாக முடிகிறது.

முதல் தவறு பெயரை நம்புவது. இன்டெல் நிறுவனத்தின் பிராசசர்களில் ஐ7 எப்போதும் ஐ5-ஐ விட வேகமானது என்ற எண்ணம் ஒரே தலைமுறைக்குள், ஒரே வகைக் கணினிக்குள் மட்டுமே ஓரளவு பொருந்தும். 2016-இல் வந்த கோர் ஐ7-7500யு பிராசசரில் தனித்தனியே கணக்கிடும் பகுதிகளான கோர்கள் இரண்டுதான் உண்டு. அடுத்த ஆண்டே வந்த கோர் ஐ5-8250யு பிராசசரில் நான்கு. பழைய லேப்டாப் தேடுபவர்கள் "ஐ7" என்ற ஒட்டியைப் பார்த்துக் கூடுதல் விலை கொடுப்பது இதனால்தான் வருத்தம் தருகிறது. மற்றொரு தயாரிப்பாளரான ஏஎம்டியிலும் இதே நிலைதான்: ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு இரண்டும் பெயரில் ஓர் எண்ணால்தான் வேறுபடுகின்றன என்றாலும், முன்னது நான்கு கோர்கள் கொண்ட பழைய ஜென் 2 வடிவமைப்பு, பின்னது ஆறு கோர்கள் கொண்ட, அதற்குப் பிந்தைய ஜென் 3.

கிகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு எத்தனை நூறு கோடித் துடிப்புகள் என்ற கணக்கும் அப்படியே. 2006-இல் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடிய கோர் 2 டுவோ, 3.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐப் பெரும்பாலான வேலைகளில் முந்தியது. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பது வடிவமைப்பைப் பொறுத்தது.

கோர்களின் எண்ணிக்கையைப் பற்றி 1967-இலேயே கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் எச்சரித்திருக்கிறார். ஒரு வேலையில் 40 சதவீதம் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்க வேண்டும் என்றால், 4 கோர்களில் அது ஏறக்குறைய 1.8 மடங்கும், 8 கோர்களில் 2.1 மடங்கும் மட்டுமே விரைவுபடும். எத்தனை கோர்களைச் சேர்த்தாலும் 2.5 மடங்கைத் தாண்டாது. எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடையில் பில் போடும் கணினிக்கு ஒற்றைக் கோரின் வேகமும் வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டியும் போதும். கல்யாண வீடியோவை ரெண்டர் செய்யும் பெரம்பூர் ஸ்டுடியோவுக்குத்தான் கூடுதல் கோர்கள் பயன்படும்.

நம் பகுதியில் மிக அதிகமாகக் கவனிக்கத் தவறுவது வெப்பம். லேப்டாப் பிராசசர்கள் தொடக்கத்தில் சுமார் அரை நிமிடம் வரை அதிக மின்சாரம் எடுத்து உச்ச வேகத்தில் ஓடி, பிறகு தமக்கு விதிக்கப்பட்ட வாட் அளவுக்கு இறங்கிவிடுவது வழக்கம். மேலே சொன்ன ஐ5-8250யு 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை எழும்பக்கூடியது. ஆனால் 15 வாட்டில் அதற்கு உறுதியளிக்கப்பட்ட அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ்தான். சில நொடிகளில் முடியும் சோதனை இந்த இறக்கத்தைக் காட்டாது என்பதால்தான் சினிபெஞ்ச் ஆர்23 என்ற வேகச் சோதனை மென்பொருள் பத்து நிமிடம் ஓடும்படி அமைக்கப்பட்டது.

இதோடு அறையின் வெப்பத்தையும் சேர்க்க வேண்டும். பிராசசரின் வரம்பு 100 டிகிரி எனக் கொண்டால், ஏசி போட்ட 22 டிகிரி அறையில் அதற்கும் காற்றுக்கும் இடையே 78 டிகிரி வித்தியாசம் இருக்கிறது. கத்திரி வெயிலில் வியாசர்பாடியின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே காற்று 36 டிகிரி என்றால் வித்தியாசம் 64 மட்டுமே. அதே மின்விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும், வெளியேற்றக்கூடிய வெப்பம் ஏறத்தாழ 18 சதவீதம் குறைகிறது. அதாவது 28 வாட் தாங்கிய லேப்டாப் 23 வாட்டுக்கு இறங்கக்கூடும். விமரிசகர்கள் குளிர்ந்த அறையில் எடுத்த எண்ணை நம் வீட்டுக்கு அப்படியே பொருத்த முடியாது. தடிமனான உடலும் நல்ல விசிறியும் கொண்ட லேப்டாப்பில் இருக்கும் "மெதுவான" பிராசசர், மெல்லிய லேப்டாப்பில் இருக்கும் "வேகமான" பிராசசரை நீண்ட வேலையில் முந்துவது இதனால்தான். என் மதிப்பீட்டில், நம் ஊரில் பிராசசரின் பெயரை விட இந்த வேறுபாட்டையே முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்தது சராசரி எடுப்பதில் நேரும் பிழை. ஒரு கணினி இரண்டு வேலைகளை 10, 100 நொடிகளிலும், மற்றொன்று அவற்றையே 20, 50 நொடிகளிலும் முடிப்பதாகக் கொள்வோம். முதல் கணினியை அடிப்படையாக வைத்தால் இரண்டாவதின் வேகம் 0.5, 2 மடங்கு, சராசரி 1.25. இரண்டாவதை அடிப்படையாக வைத்தாலோ முதலாவதின் சராசரியும் 1.25. ஒவ்வொன்றும் மற்றதை விட 25 சதவீதம் வேகமானது என்ற முரண் வந்துவிடுகிறது. இதை 1986-இல் ஃபிளெமிங், வாலஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் சுட்டிக்காட்டி, எண்களைப் பெருக்கி மூலம் எடுக்கும் பெருக்கல் சராசரியைப் பரிந்துரைத்தார்கள். கணினி வேகச் சோதனைகளை வகுக்கும் ஸ்பெக் அமைப்பின் சோதனைகளும் அதையே பயன்படுத்துகின்றன. ஆனால் அந்த இரண்டு வேலைகளையும் நாள்தோறும் ஒரே எண்ணிக்கையில் செய்பவருக்கு எந்தச் சராசரியும் தேவையில்லை, 110 நொடியா 70 நொடியா என்ற மொத்த நேரமே போதும்.

சதவீதத்தைப் படிக்கும்போதும் நிதானம் வேண்டும். 100 நொடி வேலை 60 நொடியில் முடிந்தால் நேரம் 40 சதவீதம் குறைந்தது, வேகமோ ஏறத்தாழ 67 சதவீதம் கூடியது. கீக்பெஞ்ச் என்ற வேகச் சோதனையின் 5-ஆம் பதிப்பு மதிப்பெண்ணை 6-ஆம் பதிப்பு மதிப்பெண்ணோடு ஒப்பிடவே கூடாது, அவற்றின் அளவுகோல்கள் வேறு.

கடையில் இரண்டு லேப்டாப்களை அருகருகே வைத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், இரண்டையும் சார்ஜரில் இணைத்து, பவர் அமைப்பை ஒரே நிலையில் வைத்து, ரேமுக்கும் பிராசசருக்கும் இடையிலான பாதை ஒற்றைச் சேனலா இரட்டைச் சேனலா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிடிஆர்4-3200 ரேமில் ஒரு சேனல் நொடிக்கு 25.6 ஜிபி தருகிறது, இரண்டு சேனல்கள் 51.2 ஜிபி, உள்ளமைந்த கிராஃபிக்ஸை நம்பும் வேலைகளில் அந்த வித்தியாசம் பிராசசரின் கணக்கில் தவறாக எழுதப்பட்டுவிடும்.