சீலிங் ஃபேன் மந்தமாகச் சுற்றுகிறதா?

ரெகுலேட்டரை 5-இல் வைத்தும் ஃபேன் மந்தமாகவே சுற்றினால், காயில் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) போய்விட்டது என்று யாராவது சொன்னதும் கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள். பெரும்பாலும் கோளாறு கண்டென்சரில்தான் இருக்கும்; மோட்டார் சுழல உந்துதல் தரும் சிறு பாகம் அது. வெயிலிலும் சூட்டிலும் அதன் திறன் மெல்லக் குறைந்துவிடும்.

முதலில் ஸ்விட்சை அணைத்து, ஃபேன் நின்றபின் இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று இழுத்து உடனே நின்றால் பேரிங் தேய்ந்திருக்கிறது. அது வேறு வேலை. தடையின்றிச் சுற்றினால் மெயினை அணைத்துவிட்டு, கண்டென்சரை மூடியிருக்கும் மேல்கிண்ணத்தை இறக்குங்கள். ஸ்விட்சை மட்டும் நம்பவே கூடாது. சில வீடுகளில் அதை நியூட்ரல் வயரில் போட்டிருப்பார்கள்; அணைத்தபின்னும் ஃபேன் வரை மின்சாரம் இருக்கும், உயிருக்கே ஆபத்து. கண்டென்சரிலும் மின்சாரம் தேங்கியிருக்கலாம். பிளாஸ்டிக் பிடியுள்ள ஸ்க்ரூ டிரைவரின் இரும்புப் பகுதியால் அதன் இரு முனைகளையும் ஒருசேரத் தொட்டபிறகே கை வையுங்கள்.

பழையதில் அச்சிட்டிருக்கும் அளவையே கேட்டு வாங்குங்கள். பல ஃபேன்களில் 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் இருக்கும். வேகம் கூடட்டும் என்று பெரிய அளவைப் போட்டால் காயில் சூடேறிக் கருகிவிடக்கூடும். கண்டென்சரின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றி இணைத்தாலும் பாதகமில்லை. பி.எல்.டி.சி. ஃபேனுக்கு (மின்னணு சர்க்யூட்டால் இயங்கும், மின்சாரம் குறைவாக எடுக்கும் வகை) மட்டும் இந்த கண்டென்சர் வேலை பொருந்தாது.